பழைய கேமரோ எஞ்சினின் பூர்வீகம்: எந்தச் சாட்சியை நம்புவது?

1969 ஷெவர்லே கேமரோவின் வேக வகையான இசட்/28 காரின் 302 எஞ்சின் (302 கன அங்குலக் கொள்ளளவு) தனியாக விற்பனைக்கு வந்தாலே நல்ல விலை போகும். அந்த வருடத்துக் கேமரோவின் வி.ஐ.என். என்ற வாகன அடையாள எண்ணை வைத்து அது இசட்/28தானா என்று சொல்ல முடியாது. வி8 (எட்டு சிலிண்டர்) கார் என்பது வரைக்கும்தான் அதில் தெரியும். அதனால் காரின் மதிப்பைத் தீர்மானிப்பதில் எஞ்சினுக்குப் பெரிய பங்கு. போலிகளும் அதனால்தான் அதிகம்.

இந்த எஞ்சினின் பூர்வீகத்தைத் தேட நான்கு வழிகள் உண்டு: பிளாக்கில் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில்) பஞ்ச் அடித்த எண், வார்ப்பிலேயே வந்த எண்ணும் தேதியும், காகிதங்கள், எஞ்சினின் உள்பாகம். வாங்குகிறவர்களில் பலர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். நான்கில் பலவீனமான சாட்சி அதுதான் என்பது என் கருத்து.

பஞ்ச் எண் எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்கத்து (அமெரிக்கக் காரில் வலப்பக்கம்) சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் சின்னத் தளத்தில் இருக்கும். அங்கே 'வி0312டிஇசட்' என்று இருந்தால், ஃபிளின்ட் ஆலையில் மார்ச் 12 அன்று கட்டிய எஞ்சின். கடைசி இரண்டு எழுத்து 1969 இசட்/28க்கான குறியீடு. வி.ஐ.என். எண்ணின் ஒரு பகுதியும் பிளாக்கில் அடித்திருக்கும். '19என்' என்று தொடங்கினால் ஷெவர்லே, 1969, ஓஹையோவின் நார்வுட் ஆலை. அடுத்த ஆறு இலக்கம் அந்தக் காரின் வரிசை எண். எந்தக் காரில் பிறந்த எஞ்சின் என்று நேரடியாகச் சொல்ல இந்த பிளாக்கில் வேறு அடையாளம் கிடையாது. ஆனால் எழுத்துப் பஞ்ச் செட்டும் சுத்தியலும் இருந்தால் யாரும் அடித்துவிடலாம்.

ஆகவே எண்ணைப் படிக்கும் முன் எண்ணுக்கு அடியில் உள்ள இரும்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்தத் தளத்தை புரோச்சிங் இயந்திரத்தில் சீவினார்கள். அதனால் முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக, மெல்லிய கீறல்கள் ஓடும். எழுத்துகள் அந்தக் கீறல்களின் மேல் இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் பட்டறையில் பிளாக்கின் தளத்தை மட்டம் சீவியிருந்தால், கட்டர் சுற்றிய வளைவுத் தடம் இருக்கும். பழைய எண்ணும் போயிருக்கும். வளைவுத் தடத்தின் மேல் கூர்மையான 'டிஇசட்' தெரிந்தால் அது பிறகு அடித்தது. என்னைக் கேட்டால், எண் அழிந்து வெறுமையாகக் கிடக்கும் தளம் அதைவிட எவ்வளவோ நேர்மையானது. பார்க்கும்போது கம்பி பிரஷ், எமரி பேப்பர் பக்கமே போகக் கூடாது. துணியில் தின்னர் தொட்டுத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, படம் எடுத்தால் போதும்.

வார்ப்புத் தேதியை நான் அதிகம் நம்புவேன். எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் '3970010' போன்ற வார்ப்பு எண்ணும் பயணி பக்கம் தேதியும் புடைப்பாக இருக்கும். 'சி 1 9' என்றால் மார்ச் 1, 9இல் முடியும் வருடம். இரும்பை வார்த்த பிறகுதான் எஞ்சினாகக் கட்ட முடியும். எஞ்சினைக் கட்டிய பிறகுதான் காரில் ஏற்ற முடியும். எனவே வார்ப்புத் தேதி, எஞ்சின் கட்டிய தேதி, காரின் முன்சுவரில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில்) பதித்த தகட்டில் உள்ள '03சி', அதாவது கார் கட்டிய மார்ச் மூன்றாம் வாரம், மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும். மார்ச் 20இல் வார்த்த பிளாக்கில் மார்ச் 12 என்று பஞ்ச் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வருடத்துக்கு ஒரே இலக்கம்தான். 3970010 பிளாக்கை 1970களிலும் தொடர்ந்து வார்த்தார்கள். அதனால் '9' என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். பிக்கப் லாரியிலிருந்து இறக்கிய சாதாரண 350 (கன அங்குல) பிளாக்கை 302 ஆக்கி விற்க இது வசதியான ஓட்டை. அதோடு, வார்ப்புத் தேதி பொய்யைக் கழிக்கும்; உண்மையை உறுதி செய்யாது. தேதி பொருந்துகிற பிளாக் வேறொரு காரிலிருந்தும் வந்திருக்கலாம்.

காகிதத்துக்கு வருவோம். இங்கே நிலைமை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். பிரிட்டனின் எம்.ஜி.பி. காருக்கு கேய்டன் அருங்காட்சியகத்தின் பாரம்பரியச் சான்றிதழ் வாங்கலாம். தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து எடுத்த எஞ்சின் எண்ணே அதில் வரும். ஆனால் அந்த எஞ்சினில் எண் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் மாட்டலாம். அங்கே காகிதம் பலம், இரும்பு பலவீனம். கேமரோவுக்கு நேர் எதிர். அமெரிக்காவில் விற்ற 1969 கேமரோக்களுக்கு அப்படிக் கேட்டு வாங்கும் தொழிற்சாலைப் பதிவு கிடையாது. அதே ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) குடும்பத்தின் பான்டியாக்குக்கு உண்டு, போட்டியாளரான ஃபோர்டுக்கு 1967 முதல் தொழிற்சாலைப் பதிவிலிருந்து தரும் மார்ட்டி அறிக்கை உண்டு, கேமரோவுக்கு மட்டும் இல்லை என்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம். மிஞ்சுவது வாரண்டிப் புத்தகத்தில் பதித்த 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற உலோகத் தகடு, அதில் வி.ஐ.என்., எஞ்சின் குறியீடு எல்லாம் இருக்கும். அதுவும் இப்போது புதிதாகச் செய்து கிடைக்கிறது. பழைய சர்வீஸ் பில், முந்தைய உரிமையாளரின் போட்டோ இவற்றைக் கூடவே வைத்துத்தான் அதை நம்பலாம்.

உள்பாகம் பூர்வீகத்தைச் சொல்லாது, வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும். பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டால், கரி படிந்த பிஸ்டன் தலையில் '030' தெரியலாம்: ரீபோர் ஆகியிருக்கிறது, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்ற அனுமதித்தால், கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்பில் நான்கு போல்ட் இருக்கிறதா பாருங்கள். 1969 இசட்/28க்கு நான்கு வேண்டும். இரண்டு என்றால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

நேரம் குறைவு என்றால் நான் போகும் வரிசை இது: முதலில் வார்ப்புத் தேதி, அடுத்து தளத்தின் கீறல், அப்புறம்தான் பஞ்ச் எண். மூன்றும் தேறினால் காகிதத்தைத் தேடலாம். தேறாவிட்டால் சாதாரண 350 விலைக்கு மேல் ஒரு டாலர்கூட கொடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. பஞ்ச் எண் 'சிஇ' என்று தொடங்கினால் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். வாரண்டியில் ஷெவர்லே மாற்றிக் கொடுத்த பிளாக் அது. முதல் எஞ்சின் சீக்கிரமே உடைந்து, டீலர் இதை மாற்றியதற்கு பில் இருந்தால், 'மேட்சிங் நம்பர்ஸ்' (கார் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்துவது) பட்டம் கிடைக்காவிட்டாலும் இதுவும் அந்தக் காரின் சொந்த வரலாறுதான். அதற்குத் தனி விலை பேசலாம்.