38,500 ரூபாய் கொடுத்து வியர்வை வடித்த கதை

நேற்று மாலைதான் அந்த உடல் மெலிவு நிலையத்தின் படியிறங்கி வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இருப்பது மதுரையில். பெயரைப் போடப்போவதில்லை, கண்ணாடிக் கதவு, ஏசி அறை, சுவரில் 'முன்பு, பின்பு' படங்கள், இப்படி ஊருக்கு ஊர் இருக்கிறது. போனது 38,500 ரூபாய். ஏலச்சீட்டு எடுத்த பணம். சேரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியதையெல்லாம் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 43, எடை 78 கிலோ. தொப்பை மட்டும் குறைந்தால் போதும் என்றுதான் போனேன். ஆலோசகர் என்று ஒரு பெண். "உட்காருங்கள் அக்கா" என்றாள். மூட்டுவலியைக் கேட்டாள், இரண்டு பிரசவங்களைக் கேட்டாள், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். என் வீட்டில் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. விழுந்தது அந்த இடத்தில்தான். பிறகு வெறுங்காலோடு ஒரு மெஷினில் ஏற்றி, அச்சடித்த தாளை நீட்டினாள்: உங்கள் உடலின் வயது 58. பகீர் என்றது.

"இடுப்பில் சூட்டுப் பெல்ட் கட்டினால் கொழுப்பு நெய்போல் உருகிவிடும் அக்கா. நடக்கக்கூட வேண்டாம். நம்பிக்கை வரவில்லையென்றால் முதலில் ஆறு நாள் பாருங்கள், 1,500 ரூபாய்தான்."

ஆறு நாளும் சோறு, இட்லி, சப்பாத்தி எதுவும் கூடாது. காலையும் இரவும் அவர்கள் விற்கும் பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். தினம் 40 நிமிடம் பெல்ட். ஏழாம் நாள் காலை எடை 75. மூன்று கிலோ! அவள் கைதட்டினாள், நானும் சிரித்தேன். அன்றைக்கே மீதி 37,000 ரூபாயைக் கட்டினேன்.

இப்போது யோசித்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. முதல் நாள் எடை பார்த்தது மதியம் மூன்று மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கட்டிய புடவையோடு. "மெஷின் சரியாகக் காட்ட வேண்டும்" என்று ஒரு பாட்டில் தண்ணீர் வேறு குடிக்க வைத்தாள். ஏழாம் நாள் பார்த்தது காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில், அவர்கள் கொடுத்த மெல்லிய அங்கியில்.

மிச்சத்தை என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100. ஆறு நாளில் என்றால் நாளுக்கு 3,850. நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே 2,000 கலோரிதான். ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்திருந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரைந்திருக்காது. போனது தண்ணீர். சோற்றை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்துபோகிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதுவும் கூடவே வெளியேறிவிடுகிறது. பெல்ட் பிழிந்தது வியர்வையை. கட்டிய இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாக உருக்க எந்தப் பெல்ட்டாலும் முடியாது.

அக்கா மகள் காதுகுத்தில் ஒரே ஒரு நாள் சோறு சாப்பிட்டேன். இரண்டு நாளில் ஒன்றரை கிலோ திரும்ப வந்துவிட்டது. என் நாக்குதான் குற்றவாளி என்று நானே நம்பினேன். இரண்டு மாதம் முடிந்தபோது எடை 77.5. அரைக் கிலோவுக்கு 38,500 ரூபாய்!

பணத்தைக் கேட்கப் போனபோது 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது. முதல் தடவை: "மேடம், நீங்கள் மறைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள்." இரண்டாம் தடவை: "மேனேஜர் சென்னை போயிருக்கிறார்." மூன்றாம் தடவை என் உடல்வாகு அப்படியாம். நேற்று அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரசீதைத் திருப்பி, எறும்பு வரிசைபோல் இருந்த எழுத்தை விரலால் காட்டினாள்: கட்டிய பணம் திருப்பித் தரப்படாது. பின்னாலிருந்த நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், காவலாளி வந்துவிட்டார்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், மனம் ஓடவில்லை. சுருக்கமாக: முதல் வார எடையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எடை பார்ப்பதென்றால் உங்கள் வீட்டுத் தராசில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில். அந்த மெஷின் தாளைக் கண்டு பயப்படாதீர்கள். காலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி உடலில் உள்ள நீரை வைத்து ஊகிப்பதுதான் அது, தண்ணீர் குடித்தாலே கணக்கு மாறும். ரசீதின் பின்பக்கத்தைக் கட்டும் முன்பே படியுங்கள். ஏமாந்துவிட்டீர்களென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் புகாருக்குக் கட்டணமே கிடையாது.

என் 38,500 ரூபாய்க்கான மனுவை இன்று இரவு எழுதப்போகிறேன். மெஷின் தாளையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இதைப் படித்தால், தங்கச்சி, மீதியைக் கட்டிவிடாதே.