ஐம்பது பேர் ஊராட்சியில் ஒரு வெந்நீர்க் குளம்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு ரெய்க்யாவிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அருவி, பனிமலை என்று எல்லாம் காட்டி முடித்தபின், "உங்களுக்கு வேறென்னப்பா பார்க்கணும்?" என்று கேட்டாள். "இந்த நாட்டிலேயே சின்ன பஞ்சாயத்து எதுவோ, அது" என்றேன். மாப்பிள்ளை போனில் தேடிவிட்டு, "அங்கே கடலோரத்தில் ஒரு வெந்நீர்க் குளம் இருக்கு மாமா. போயிட்டு வரலாம்" என்றார். அந்தக் குளத்துக்குத்தான் இந்த விமர்சனம்.

குளத்தின் பெயர் க்ரோஸ்னெஸ்லோய்க். ஐஸ்லாந்தின் வடமேற்கில், ஸ்ட்ராண்டிர் கடற்கரையில் சாலை முடிகிற இடத்தை ஒட்டி இருக்கிறது. ஊராட்சி அவுர்னெஸ்ஹ்ரெப்பூர். (மூன்று நாள் பழகியும் என் வாயில் நுழையவில்லை.) மக்கள்தொகை ஐம்பது சொச்சம். பரப்போ 700 சதுர கிலோமீட்டருக்கு மேல்! 426 சதுர கிலோமீட்டர் சென்னை மாநகராட்சியை இதற்குள் தூக்கி வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும்.

முதலில் சாலை. ஹோல்மாவிக் என்ற ஊர் வரைக்கும் தார்ச்சாலை, கவலை இல்லை. அதைத் தாண்டி 643ஆம் எண் சாலையில் போகப்போக ஜல்லி ஆரம்பிக்கிறது. ஹோல்மாவிக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் தடுப்பே இல்லாத வளைவுகள். வழியில் ஒரு கடற்கழிக்கு வெய்திலெய்சா என்று பெயர். 'மீன்பாடு இல்லாத இடம்' என்று அர்த்தமாம். அங்கேதான் எங்கள் டயர் பஞ்சர் ஆனது. வண்டி வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் பிறகு கல்லடி பட்ட பெயின்ட்டுக்கும் சேர்த்து ஒரு பில் அனுப்பியது. ஜல்லிக்கான தனிக் காப்பீட்டை வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

இனி குளம். மேலே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனம். கீழே ஒரு சின்ன உடைமாற்றும் கட்டடம், அதை ஒட்டிச் செவ்வகமான கான்கிரீட் தொட்டி, அதற்கு அந்தப் பக்கம் கூழாங்கல், அப்புறம் நேராகக் கடல். அலங்காரம் என்று ஒன்றுமே கிடையாது. 1954இல் கட்டியது. மலையடிவார ஊற்றிலிருந்து வெந்நீர் குழாயில் வருகிறது. ஜூலை மாதம், இரவு பத்து மணி, வெளிச்சம் போகவில்லை, குளிர்காற்று காதை அறுக்கிறது. தண்ணீருக்குள் இறங்கினால் தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி பதமான சூடு. கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் நான், ஆனால் இதில் நீந்தத் தோன்றவில்லை. விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு அலையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சும்மா கிடந்தேன். கரையெல்லாம் சைபீரியாவிலிருந்து மிதந்து வந்த மரக்கட்டைகள். மரமே இல்லாத இந்த ஊரில் அந்தக் காலத்தில் வீடு கட்டியதே அந்தக் கட்டைகளை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஐஸ்லாந்துக் குளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: இறங்குமுன் உடம்பில் துணி இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, ஆனால் உள்ளே மறைப்பை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு 61 வயது. முதல் தடவை செத்துப் பிழைத்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

பக்கத்திலிருந்த சின்ன வெந்நீர்த் தொட்டியில் உள்ளூர் அம்மா ஒருவர் இருந்தார், ஆடு வளர்ப்பவர். மகள் மொழிபெயர்க்க, என் தொழில் புத்தியைக் காட்ட ஆரம்பித்தேன். இந்தக் குளம் ஊராட்சியினுடையதா என்றால், இல்லை, இளைஞர் சங்கம் கட்டியது என்றார். தேர்தல் எப்படி என்றால், சிரித்தார். கட்சி கிடையாது, மனுத்தாக்கல் கிடையாது. வாக்காளர் பட்டியலில் இருக்கும் தகுதியுள்ள எல்லோருமே வேட்பாளர்கள்தான். சீட்டில் உங்களுக்குப் பிடித்த ஐந்து பேரின் பெயரை எழுதிப்போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கிய ஐந்து பேர் மன்றம். வேண்டாம் என்று சுலபமாகத் தப்பிக்கவும் முடியாது. வயதானவர்களுக்கும் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களுக்கும்தான் விலக்கு. டெபாசிட், சின்னம், சுவர் விளம்பரம் என்று எத்தனை தேர்தல் பார்த்தவன் நான்! எனக்குத் தலை சுற்றியது.

அங்கேயும் வம்பு இல்லாமல் இல்லை. 2018 தேர்தலுக்கு முன்னால் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் திடீரென்று தங்கள் முகவரியை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஹ்வாலா ஆற்றில் நீர்மின் நிலையம் வரலாமா கூடாதா என்ற சண்டை. வாக்காளரே ஐம்பதுக்குள் இருக்கும் ஊரில் பத்துப் பெயர் சேர்ந்தால் மன்றமே கைமாறும். அரசு விசாரித்துப் பல பதிவுகளை ரத்து செய்தது. கள்ள ஓட்டுக்குப் பூமியில் எல்லை இல்லை போலும். ஐம்பது பேருக்கு இரண்டு தேவாலயமும் இருக்கிறது, சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 1850இல் கட்டிய பழைய மரக் கோயில் போதுமா, புதிது வேண்டுமா என்று ஊர் இரண்டுபட்டு, கடைசியில் இரண்டும் நிற்கின்றன.

'ஹ்ரெப்பூர்' என்ற இந்த ஊராட்சி முறை ஆங்கிலேயர் மாதிரி யாரோ கொண்டுவந்து வைத்ததல்ல. இடைக்காலச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது: குறைந்தது இருபது விவசாயிகள் சேர்ந்தால் ஒரு ஹ்ரெப்பூர். ஏழைகளைப் பராமரிப்பது அதன் வேலை. ஒருவர் மாடு நோயில் செத்தாலோ வீடு தீப்பிடித்தாலோ மற்றவர்கள் பங்குபோட்டு நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தர வேண்டும். இன்றைக்கும் மாவட்டம், ஒன்றியம் என்ற நடு அடுக்குத் தேர்தல் கிடையாது. மேலே நாடாளுமன்றம், கீழே ஊராட்சி. பதிவுத் திருமணம், வாரிசுச் சொத்து போன்றவற்றைப் பார்க்கும் சீஸ்லுமாதுர் அரசு அதிகாரி. 2015 சீரமைப்பில் நாடு முழுக்க ஒன்பதே பேர் ஆனார்கள்.

பணியில் இருந்திருந்தால் இந்த ஊராட்சியைப் பக்கத்து ஊராட்சியோடு சேர்க்கச் சொல்லி நானே குறிப்பு எழுதியிருப்பேன். அவர்கள் அரசும் அதைத்தான் சொல்கிறது. 1950இல் 229 ஊராட்சிகள் இருந்தன, 2022இல் 64 ஆகிவிட்டது. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊராட்சிகள் ஒன்று இணைப்புப் பேச்சைத் தொடங்கணும், இல்லை தங்களால் சமாளிக்க முடியும் என்று அறிக்கை தரணும் என 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். "சேர்த்தால் அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். பனி கொட்டினால் சாலை அடைபட்டுவிடும். யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார். பனிக்காலத்தில் க்யோகுர் விமானத் தளத்துக்கு வரும் சிறிய விமானம்தான் துணை. என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குறைகள்: உடைமாற்றும் அறை ரொம்பச் சிறியது, ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம் வந்தால் முழங்கை இடிக்கும். துணி மாட்ட இன்னும் நாலு கொக்கி வைக்கலாம். குளத்திலிருந்து ஏறி மேலே வண்டிக்குப் போவதற்குள் குளிர் எலும்புக்குள் போய்விடுகிறது, அதனால் தலைக்குக் குல்லா எடுத்துப்போங்கள். துண்டும் உங்களுடையதே இருக்கட்டும். பெட்ரோல் ஹோல்மாவிக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜல்லிக் காப்பீட்டுக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். மாப்பிள்ளை மூன்றுதான் கொடுப்பாராம். பில் அவர் கட்டியது.