ஒரு நொடி மிச்சமிருந்தது: மேவெதர் – ஓர்ட்டிஸ் கட்டண ஒளிபரப்பு பற்றிய மதிப்புரை

2011 செப்டம்பர் 17 இரவு, லாஸ் வேகஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் அரங்கில் நடந்த ஃபிளாய்ட் மேவெதர் – விக்டர் ஓர்ட்டிஸ் குத்துச்சண்டையை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ கட்டண ஒளிபரப்பாக வழங்கியது. விலை சுமார் 60 டாலர். துல்லியப் படம் வேண்டுவோருக்கு இன்னும் சில டாலர் கூடுதல். நண்பர்கள் ஐவர் பங்கு போட்டு வாங்கி ஒரே கூடத்தில் அமர்ந்து பார்த்தோம். அதன்பின் முழுப் பதிவை இருமுறையும், நான்காம் சுற்றின் கடைசி நிமிடத்தை எத்தனையோ முறையும் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 12.5 லட்சம் வீடுகளில் விலை கொடுத்து வாங்கப்பட்ட அந்த நிகழ்ச்சி கொடுத்த விலைக்குத் தகுந்ததா என்ற கேள்விக்கு, அன்றிரவு நான் சொன்ன பதிலும் இன்று சொல்லும் பதிலும் ஒன்றல்ல.

ஒளிபரப்பு அன்றிரவு மட்டும் தொடங்கியதன்று. முந்தைய வாரங்களில் இரு வீரர்களின் பயிற்சிக்கூடங்களையும் வீடுகளையும் காட்டும் அறிமுகத் தொடரை எச்பிஓ ஒளிபரப்பியிருந்தது. கான்சாஸ் மாநிலத்தில் சிறு வயதிலேயே தாயும் பின்னர் தந்தையும் விட்டுச் சென்ற பிறகு, தம்பியைத் தாங்கி வளர்ந்த இளைஞராக ஓர்ட்டிஸை அந்தத் தொடரின் வழியாகப் பலரும் முதன்முறையாக அறிந்தார்கள். அவருக்கு அப்போது வயது 24. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆண்ட்ரே பெர்ட்டோவுடன் மோதி, இருவருமே இரண்டிரண்டு முறை கீழே விழுந்து எழுந்த கடும் சண்டையில் வென்று, உலகக் குத்துச்சண்டை அமைப்புகளுள் ஒன்றான டபிள்யூபிசியின் வெல்ட்டர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்தைக் கைப்பற்றியிருந்தார். மேவெதருக்கு 34 வயது. 41 சண்டைகளில் தோல்வியே காணாதவர், ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர், 16 மாத இடைவெளிக்குப் பிறகு மேடைக்குத் திரும்புகிறவர். பட்டம் ஓர்ட்டிஸிடம் இருந்தாலும் கூட்டத்தை அரங்குக்கு இழுத்தது மேவெதரின் பெயர்தான்.

முதன்மைச் சண்டைக்கு முன் நடந்தவற்றைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கோ அந்த இரவின் பொருள் அவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. மெக்சிகோவின் மூத்த வீரர் எரிக் மொராலெஸ், 21 வயது பாப்லோ செசார் கானோவை எதிர்த்து ஆடினார். கானோவின் முகம் இரத்தத்தில் நனைந்திருந்தது. பத்தாம் சுற்று முடிந்ததும் அவருடைய மூலையில் இருந்த பயிற்சிக் குழுவினரே, இனி எங்கள் வீரன் எழ மாட்டான் என்று சண்டையை நிறுத்தினார்கள். அந்த வெற்றியால் நான்கு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் மெக்சிகோ வீரரானார் மொராலெஸ். தோற்ற இளைஞனுக்கும் அந்த முடிவில் இழிவு ஏதுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் நடந்து இதே ஒளிபரப்பில் இணைக்கப்பட்ட இன்னொரு சண்டையில், சவுல் அல்வாரெஸ் ஆறாம் சுற்றில் அல்ஃபோன்சோ கோமெஸைக் கயிற்றோரம் நெருக்கியபோது நடுவர் இடைபுகுந்து முடித்துவைத்தார். அந்த முடிவு சற்று அவசரமானது என்று அப்போதே பேசப்பட்டது. என் கருத்தும் அதுவே. ஆனாலும் அந்த அவசரத்தின் பின்னால் வீரரின் உடல் குறித்த கவலை இருந்தது.

முதன்மைச் சண்டையின் முதல் மூன்று சுற்றுகளும் மேவெதருக்கே உரியவை. இடக்கை முறையில் நிற்கும் எதிராளிக்கு எதிராக நேரடி வலக்கைக் குத்து எவ்வளவு பொருத்தமான ஆயுதம் என்பதைப் பாடம் நடத்துவதுபோல் அவர் காட்டினார். நான்காம் சுற்றில் ஓர்ட்டிஸுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மேவெதரை மூலைக்குத் தள்ளி, அன்றிரவு அவரால் முடிந்த மிகச் சிறந்த குத்துகளைப் போட்டார். அந்த எழுச்சியின் நடுவிலேயே காலை ஊன்றி எழும்பி, தலையால் மேவெதரின் முகத்தில் முட்டினார். தெரியாமல் பட்டது என்று சொல்ல இடமே இல்லாத முட்டு அது. மேவெதரின் வாயில் காயம் ஏற்பட்டது.

நடுவர் ஜோ கார்ட்டெஸ் நேரத்தை நிறுத்தி, ஓர்ட்டிஸுக்கு ஒரு புள்ளி குறைப்பதாக அறிவித்தார். இதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. ஓர்ட்டிஸ் தம் தவற்றை உணர்ந்து மேவெதரைக் கட்டியணைத்து, கன்னத்தில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார். கார்ட்டெஸ் இருவரையும் மீண்டும் நடுவில் சேர்த்தார். கையுறைகள் தொட்டுக்கொண்டன. ஓர்ட்டிஸ் மறுபடியும் அணைக்க முன்வந்தார். அந்தக் கணத்தில் கார்ட்டெஸின் பார்வை வீரர்கள்மேல் இல்லை. மேடைக்கு வெளியே, நேரக் காப்பாளர் பக்கம் இருந்தது. பின்வாங்கிய மேவெதர் இடக்கையால் ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து, போட்டார். கைகளைத் தாழ்த்தியிருந்த ஓர்ட்டிஸ், என்ன நடக்கிறது என்று கேட்பவரைப் போல நடுவரை நோக்கினார். வலக்கைக் குத்து நேராக முகத்தில் இறங்கியது. திரும்பிய கார்ட்டெஸ், விழுந்தவர் எழுவதற்குத் தரப்படும் கெடுவான பத்து வரை எண்ணினார். ஓர்ட்டிஸால் எழ முடியவில்லை. அதிகாரபூர்வ நேரம் நான்காம் சுற்று, 2 நிமிடம் 59 நொடி. மூன்று நிமிடச் சுற்றில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நொடி. அந்தக் குத்துகள் விழாமல் இருந்திருந்தால் சில நொடிகளில் மணி அடித்திருக்கும். இருவரும் தத்தம் மூலைக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் கூடத்தில் உடனே வாக்குவாதம் வெடித்தது. ஒருவர் மேவெதரை ஏமாற்றுக்காரர் என்றார். இன்னொருவர் ஓர்ட்டிஸ் செய்ததற்கு இது போதாது என்றார். அரங்கிலும் ஏளனக் கூச்சல் எழுந்தது. ஒளிபரப்பின் தரத்தை நான் எடைபோடுவது இந்த இடத்திலிருந்துதான். எச்பிஓ அந்தக் காட்சியைப் பல கோணங்களில் மெதுவாக்கித் திரும்பத் திரும்பக் காட்டியது. நடுவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஓர்ட்டிஸின் கைகள் எந்த உயரத்தில் இருந்தன, முதல் ஹூக்குக்கும் இரண்டாம் குத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பவையெல்லாம் பார்ப்பவர் தாமே முடிவு செய்யும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. விற்ற பொருளின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் காட்சியை மூடி மறைக்கும் வேலையை ஒளிபரப்பாளர்கள் செய்யவில்லை. ஜிம் லாம்ப்லி, எமானுவெல் ஸ்டூவர்ட், லாரி மெர்ச்சன்ட் ஆகியோர் அமர்ந்திருந்த வர்ணனை மேசைக்கு இது பெருமை சேர்க்கும் செயல்.

மெர்ச்சன்டின் நேர்காணல் பின்னர் உலகமெங்கும் பரவியது. அப்போது அவருக்கு 80 வயது. பார்வையாளர் கேட்க விரும்பிய கேள்வியை அவர் மேவெதரிடமே நேராகக் கேட்டார். மேடையில் எந்த நேரமும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று பதில் சொன்ன மேவெதர், பிறகு கோபம் கொண்டு, மெர்ச்சன்டுக்குக் குத்துச்சண்டை தெரியாது, எச்பிஓ அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று பேசினார். நான் ஐம்பது வயது இளையவனாக இருந்திருந்தால் உன்னை உதைத்திருப்பேன் என்று மெர்ச்சன்ட் திருப்பிச் சொன்னார். அந்த வரியைப் பலர் வேடிக்கையாக நினைவுகூர்கிறார்கள். நான் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. நேர்காணல் எடுப்பவர் பொறுமை இழந்தது குறையே. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் குறை அதைவிடப் பெரிதாகியிருக்கும்.

இனி அந்த முடிவைப் பற்றி. சட்டப்படி மேவெதர் பிழை செய்யவில்லை. இருவரையும் சேர்த்து நடுவர் தொடரச் சொன்ன பிறகு குத்துவதற்குத் தடை இல்லை. கார்ட்டெஸும் நேரம் தொடங்கிவிட்டது என்றே பின்னர் கூறினார். சண்டைக்கு முன் நடுவர் சொல்லும் அறிவுரைகளில் எப்போதும் இடம்பெறுவது, எல்லா நேரமும் உன்னைக் காத்துக்கொள் என்பது. ஓர்ட்டிஸ் அதை மறந்தார். முதலில் விளையாட்டின் அறத்தை மீறியவரும் அவரே. தலையால் வேண்டுமென்றே முட்டுவது எதிராளியின் கண்ணையோ மூளையையோ கெடுக்கக்கூடிய செயல். அந்தப் பிழையை மறந்துவிட்டு அவருடைய முத்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பரிதாபப்படுவது நேர்மையாகாது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டதில் அவருடைய மனத்தின் கலக்கம் தெரிந்தது. சாம்பியன் ஒருவர் மன்னிப்பை ஒருமுறை கேட்டுவிட்டுக் கைகளை உயர்த்தி நின்றிருக்க வேண்டும்.

இருந்தும் மேவெதரைப் பற்றிய என் வருத்தம் தீரவில்லை. புறப்பொருள் இலக்கணத்தில் தழிஞ்சி என்று ஒரு துறை உண்டு. புறங்கொடுத்து ஓடுபவன்மேல் படை ஏவாத வீரத்தை அது சிறப்பிக்கிறது. ஓர்ட்டிஸ் ஓடவில்லை என்பதால் இந்தப் பொருத்தம் முழுமையானதல்ல. ஆனால் எதிரே நிற்பவன் போரிடும் நிலையில் இல்லை என்று கண்ணெதிரே தெரிந்தும் கை ஓங்கலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. முதல் ஹூக்கை என்னால் மன்னிக்க முடிகிறது. முட்டு வாங்கிய கோபத்தில், நடுவர் தொடரச் சொன்னதும் வந்த குத்து அது. இரண்டாவது குத்தைப் போடும்போது ஓர்ட்டிஸின் கண் நடுவரிடம் இருந்தது. அதை மேவெதரும் பார்த்தார். அவர் இப்படிச் செய்வது முதல்முறையும் அல்ல. 2005 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில், முதல் சுற்றின் முடிவில் நடுவரிடம் முறையிடத் திரும்பிய ஆர்ட்டுரோ கட்டியை அதே போலக் குத்தி வீழ்த்தியிருக்கிறார். அதே மேவெதர்தான் 2006 ஏப்ரலில், ஜாப் ஜூடா இடுப்புக்குக் கீழும் பின்தலையிலும் குத்தி, மேவெதரின் சித்தப்பாவே மேடையேறிக் கலவரம் மூண்டபோது, அந்தக் குழப்பத்தில் கைநீட்டாமல் ஒதுங்கி நின்று, பிறகு சண்டையை முடித்து வென்றார். பொறுமை அவருக்குத் தெரியாத பண்பன்று. அந்த நான்காம் சுற்று என்னை இன்னும் உறுத்துவதற்கு அதுவே காரணம்.

மிகப் பெரிய பொறுப்பை நான் நடுவரிடமே வைக்கிறேன். கார்ட்டெஸ் புகழ்பெற்ற, அனுபவம் மிக்க நடுவர். நியாயமாக இருப்பேன், உறுதியாகவும் இருப்பேன் என்பது சண்டைக்கு முன் அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கு. சண்டை நின்றிருந்த நேரத்துக்கும் மீண்டும் தொடங்கும் நேரத்துக்கும் இடையிலான கோட்டை வரைவது நடுவர் ஒருவரின் வேலை மட்டுமே. நேரக் காப்பாளரிடம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, பிறகு இருவருக்கும் நடுவே நின்று, இரு முகங்களையும் பார்த்து, உரத்த குரலில் தொடரச் சொல்லியிருந்தால் ஓர்ட்டிஸின் கைகள் தாமாகவே உயர்ந்திருக்கும். 1927இல் சிகாகோவில் நடந்த கனரகப் பட்டச் சண்டையில் ஜாக் டெம்ப்சி, ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டு, விதிப்படி போக வேண்டிய நடுநிலை மூலைக்குப் போகத் தாமதித்தபோது, நடுவர் டேவ் பாரி அவர் போகும்வரை எண்ணத் தொடங்கவே இல்லை. அந்த நீண்ட எண்ணிக்கை பற்றி இன்றும் சர்ச்சை நீடிக்கிறது. ஆனால் பாரி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். விதி எதுவோ அதைச் செயல்படுத்தினார். லாஸ் வேகஸில் அந்தக் கடைசிக் குத்துகளால் விதி மீறப்படவில்லை. அதைக் காக்க வேண்டிய கண் அந்த ஒரு கணம் வேறு பக்கம் இருந்தது.

ஓர்ட்டிஸுக்கு மறுசண்டை கிடைக்கவே இல்லை. 2012 ஜூனில் அவர் ஹோசெசிட்டோ லோபஸுடன் மோதி, தாடை உடைந்து, ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு தொடர முடியாமல் தோற்றார். அந்த லோபஸ், இதே செப்டம்பர் இரவின் தொடக்கச் சண்டைகளில் ஒன்றில் ஜெஸ்ஸி வர்காஸிடம், புள்ளி நடுவர்கள் மூவரும் ஒத்துப்போகாத பிரிந்த தீர்ப்பில் தோற்றவர் என்பதை முழுப் பதிவையும் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.

பன்னிரண்டு சுற்று எதிர்பார்த்து வாங்கிய ஐவருக்கும் அன்றிரவு கிடைத்தது நான்கு சுற்றுக்கும் ஒரு நொடி குறைவு. விளையாட்டாக மட்டும் அளந்தால் 60 டாலருக்கு அது போதாது என்றே அன்று சொன்னேன். இன்று இந்தப் பதிவைப் பார்க்க விரும்புவோருக்கு என் பரிந்துரை வேறு. மொராலெஸ் – கானோ சண்டையின் பத்தாம் சுற்று முடிவில் மூலையில் நடப்பதைத் தவறாமல் பாருங்கள். முதன்மைச் சண்டையில் முதல் மூன்று சுற்றுகளில் மேவெதரின் வலக்கையைக் கவனியுங்கள். நான்காம் சுற்றில் முட்டு நிகழ்ந்த கணத்திலிருந்து வீரர்களை விட்டுவிட்டு, நடுவரின் கண்களை மட்டும் பின்தொடருங்கள். நேர்காணல் முடியும்வரை நிறுத்தாதீர்கள்.

ஒளிபரப்புக்கு ஐந்தில் நான்கரை. சண்டைக்கு இரண்டரை.