11,800 டொலர் மண்ணுக்கை போச்சு: பேஸ்மென்ற் தண்ணிக்கு ஆள் பிடிக்க முதல் இதை வாசியுங்கோ

ரொறொன்ரோவில ஸ்காபரோ, நோர்த் யோர்க் பக்கம் 1950கள், 60களில கட்டின பங்களா வீடு வைச்சிருக்கிறாக்கள் கட்டாயம் வாசியுங்கோ. பேஸ்மென்ற்றுக்கை தண்ணி வராமல் செய்யக் குடுத்த காசு 11,800 டொலர். நேற்று இரவு மழையோட அந்த 11,800 டொலருக்கு மிச்சம், வடக்குச் சுவரடியில ரெண்டு அங்குலத் தண்ணியும் ஊறிப்போன கார்ப்பெற்றும்தான். இதை எழுதேக்கையும் கை நடுங்குது.

ஆளைப் பிடிச்சது வீட்டு வேலைக்குக் கொன்றாக்ரர்மாரைக் காட்டுற ஒரு இணையத்தளத்தில. பேர் வேண்டாம். ‘சரிபார்க்கப்பட்டவர்’ எண்டு பச்சை அடையாளம், ஐஞ்சு நட்சத்திரம், எல்லாம் இருந்தது.

வந்தவர் தமிழ். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்தார், தேத்தண்ணி குடிச்சார், ஈரம் பாக்கிற ஊசிக் கருவியைச் சுவரில வைச்சார். சிவப்பு லைற். “அண்ணை, இந்தச் சுவர் இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது.” அந்தக் கருவி மரத்துக்கெண்டு செய்தது. உப்புப் பூத்த கொங்கிறீற்றில வைச்சால் சுவர் காய்ஞ்சிருந்தாலும் சிவப்புத்தான் காட்டும். அண்டைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. “எங்கட ஆக்களிட்டயே நான் விளையாடுவனோ?” எண்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கோ, அந்த இடத்தில கையெழுத்து விழுந்தது. காசாத் தந்தால் 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி.) இல்லையாம். 6,000 முற்பணம் அவரின்ர சொந்தக் கணக்குக்கு, மிச்சம் 5,800 கையில. மொத்தம் 11,800.

பேசின வேலை இதுதான்: வடக்குச் சுவர் 28 அடி வெளியால தோண்டி நீர்காப்பு, புது வீப்பிங் ரைல் (அத்திவாரத்தடியில தண்ணியை வாங்கிக் கொண்டுபோற துளைக் குழாய்), உள்ளுக்கு சம்ப் பம்ப் (கிடங்கில சேருற தண்ணியை வெளியால இறைக்கிற பம்ப்), 25 வருஷ வோரண்டி.

இந்த வேலை எப்பிடி நடக்கவேணும் எண்டு சொன்னால்தான் களவு விளங்கும். தண்ணி வந்தது சுவரின்ர நடுவால இல்லை, சுவரும் பேஸ்மென்ற் நிலமும் சேருற மூட்டால. இந்த வயசு வீடுகளில அத்திவாரத்தைச் சுத்திக் களிமண் குழாய்தான் புதைச்சிருப்பினம். சேறு அடைச்சு அது செத்துப்போனால் தண்ணிக்குப் போக வழியில்லை. மட்டம் ஏறி, அந்த மூட்டால உள்ளுக்குத் தள்ளும். ஆகவே அத்திவாரத்தின்ர அடி தெரியுமட்டும், கிட்டத்தட்ட 7 அடி, தோண்டவேணும். சுவரைச் சுரண்டிக் கழுவி, புளொக் இடுக்கெல்லாம் சீமெந்துச் சாந்து பூசி, றப்பர் மெம்பிரேன் அடிச்சு, அதுக்கு மேல புடைப்புள்ள டிம்பிள் சீற். சீற்றின்ர மேல் விளிம்பைக் கீலம் வைச்சு அடிச்சு அடைக்கவேணும். கீழ, பேஸ்மென்ற் நிலமட்டத்துக்குப் பதிவா, துணியுறை போட்ட 4 அங்குலத் துளைக் குழாய். அதுக்கு மேல ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் முக்கால் அங்குலக் கழுவின சல்லி. குழாயின்ர மற்ற அந்தம் சம்ப் கிடங்குக்கை வந்து விழவேணும்.

28 அடி நீளம், 7 அடி ஆழம், ரெண்டரை அடி அகலம் எண்டால் ஏறக்குறைய 14 கனமீற்றர் மண். ரெண்டு பெடியள் மண்வெட்டியோட வந்து ஒண்டரை நாளில எல்லாத்தையும் மூடிப்போட்டுப் போட்டினம். அந்தக் கணக்கை அண்டைக்கே போட்டிருந்தால் அவரை வாசலிலயே மறிச்சிருக்கலாம். இன்னுமொண்டு: 1.2 மீற்றருக்கு மேல கிடங்கு வெட்டி ஆளை இறக்கிறதெண்டால் மண் சரியாமல் முட்டுக் குடுக்கவேணும் எண்டது ஒன்ராறியோ விதி. வேலையாக்களின்ர வான் வண்டியில முட்டுப் பலகை வரேல்லையெண்டால் ஆழமும் வரப்போறதில்லை.

இண்டைக்குக் காலமை மூலையில ஒரு கிடங்கு வெட்டிப் பாத்தது. மூண்டு அடியில தார் முடியுது. அதுவும் ஈரலிப்புக்குப் பூசுற வெறும் கறுப்புத் தார், மெம்பிரேன் இல்லை. டிம்பிள் சீற்றும் அந்த மூண்டடிதான். மேல் விளிம்பு திறந்தபடி கிடக்கிறதால மழைத் தண்ணி சீற்றுக்கும் சுவருக்கும் நடுவால நேர இறங்குது. சல்லி ஒரு வாளி கூட இல்லை, குழாயே இல்லை. தோண்டின களியை இறுக்காமல் திருப்பித் தள்ளினதில சுவரோரம் 5 அங்குலம் தாழ்ந்து வாய்க்கால் மாதிரிப் போச்சு. முதல் இருந்ததை விட இப்ப கூடத் தண்ணி சுவருக்கு ஓடுது. காசு குடுத்துத் தண்ணியைக் கூப்பிட்ட மாதிரி.

பம்ப் அதை விட மோசம். கிடங்கு நல்ல அகலமாயும் ஆழமாயும் இருக்கவேணும். இவர் புதைச்சது 20 லீற்றர் பெயின்ற் வாளி, ஓட்டை போட்டு. தண்ணி ஏற பம்பை ஓடவிடுற, வயரில தொங்குற மிதவை அதுக்குள்ள சுழல இடமில்லை, வாளிச் சுவரில மாட்டுப்பட்டு நிண்டிட்டுது. போற குழாயில தண்ணி திரும்பி வராமல் மறிக்கிற செக் வால்வு இல்லை. ஒண்டரை அங்குலக் குழாய் 10 அடி உயர்ந்தால் அதுக்குள்ள மூண்டரை லீற்றர் தண்ணி நிக்கும். பம்ப் நிண்டவுடனை அவ்வளவும் திரும்ப வாளிக்கை விழுந்து ரெண்டு அங்குலம் ஏத்திவிடும். சும்மா சும்மா ஓடி மோட்டர் கருகாமல் என்ன செய்யும்? வெளிக்குழாய் சுவரில இருந்து ரெண்டு அடியில ஊத்துது, இறைச்ச தண்ணியே திரும்பி வருது. 2 மீற்றராவது தள்ளி விடவேணும். கரண்ட் போனால் பம்ப் ஓட பற்றரியும் இல்லை.

இனிச் சாட்டுகள். முதல் கிழமை: “மண் இருக்கட்டும் அண்ணை, தானா இறுகும்.” அடுத்தது: “அது வேர்வை ஈரம், ஈரம் உறிஞ்சுற டிஹியூமிடிபையர் வாங்குங்கோ.” பிளாஸ்ரிக் சீற் ஒண்டைச் சுவரில நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டது. வேர்வையெண்டால் அறைப் பக்கம் நனையும். நனைஞ்சது சுவர்ப் பக்கம். படம் அனுப்பினதுக்குப் பதில்: “வோரண்டி சுவருக்கு மட்டும், மூட்டுக்கு இல்லை.” 11,800 டொலர் வாங்கினதே அந்த மூட்டுக்குத்தான்! அதுக்குப் பிறகு போன் எடுக்கிறேல்லை. இணையத்தளக்காரர் தாங்கள் அறிமுகம் மட்டுமாம், எழுதின விமர்சனத்தையும் தூக்கிப்போட்டினம். வீட்டுக் காப்புறுதியில கழிவுநீர் திரும்பி வந்தால் காசு உண்டு, சுவரால ஊறி வாற நிலத்தடித் தண்ணிக்கு ஒரு சதமும் இல்லை. நகராட்சி மானியம் கேட்பமெண்டால் உரிமமுள்ள ஆளின்ர விபரமான பில் வேணும். கையில இருக்கிறது ‘பெற்றுக்கொண்டேன்’ எண்ட துண்டு.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், இப்ப நேரமில்லை. மண் மூட முதல் குழாயையும் சல்லியையும் உங்கட கண்ணால பாத்து, அடிமட்டம் வைச்சுப் படம் எடுங்கோ. மூடினாப்பிறகு கடைசிக் காசு. கையில காசு குடாதேங்கோ. வீட்டில வைச்சுக் கையெழுத்து வாங்கின ஒப்பந்தத்தை 10 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம், அதுக்குள்ள வேலையை முடிக்க அவசரப்படுத்திறவரை விடாதேங்கோ. தோண்ட முதல் நிலத்துக்கடியில போற காஸ், கரண்ட் லைனுகளை அடையாளம் போடுவிக்கிற ஒன்ராறியோ வன் கோலுக்கு (Ontario One Call) அறிவிச்சவரோ எண்டு கேளுங்கோ, முழிச்சால் அனுப்பிவிடுங்கோ. இதெல்லாத்துக்கும் முதல் கூரைப் பீலித் தண்ணி எங்க விழுது எண்டு பாருங்கோ. சுவரடியில விழுந்தால் குழாயை நீட்டி, சுவரோரம் அடிக்கு ஒரு அங்குலம் சரிவா ஆறடிக்கு மண் போடுங்கோ. கன பேருக்கு அதோட நிண்டிடும். அந்தாள் ஒருக்காலும் மேல நிமிந்து பீலியைப் பாக்கேல்லை.

பின்னேரம் திரும்ப மழையாம். செக் வால்வு வாங்கக் கடைக்குப் போறன், 20 டொலர்ச் சாமான்.