பிடிக்காத மசோதாவை அதிபர் என்ன செய்யலாம்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா அதிபரின் மேஜைக்கு வருகிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்தான் கெடு.

எல்லாருக்கும் தெரிந்த வழி வீட்டோ. காரணத்தை எழுதி, மசோதா பிறந்த அவைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கெத்தான வழிதான், ஆனால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு சேர்ந்தால் அதிபரை மீறி அது சட்டமாகிவிடும். ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டோக்களில் 15 அப்படித்தான் தோற்றன. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 372 முறை திருப்பி அனுப்பியும் தோற்றது ஒன்பதில் மட்டும். சபையில் கட்சி பலம் இருந்தால் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

மசோதாவில் வேண்டாத செலவை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாதா? 1996-ல் காங்கிரஸே அதற்கு வழி செய்து கொடுத்தது. கிளின்டன் ஆசையாகப் பயன்படுத்தினார். 1998-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது. சட்டத்தைத் திருத்தி எழுதுவது அதிபர் வேலை இல்லையாம்.

கையெழுத்தையும் போட்டு, 'இந்தப் பிரிவை நான் இப்படித்தான் புரிந்துகொள்வேன்' என்று குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு. மசோதாவின் ஒரு வரியைக்கூட அது நீக்காது.

எனக்கு சுவாரசியமானது பாக்கெட் வீட்டோதான். அதிபர் சும்மா இருந்தால் போதும். பத்து நாளும் காங்கிரஸ் கூடியிருந்தால், கையெழுத்து இல்லாமலே மசோதா சட்டமாகும். நடுவில் காங்கிரஸ் கூட்டத்தை ஒத்திவைத்துக் கலைந்து போயிருந்தால், திருப்பி அனுப்ப இடமில்லாமல் மசோதா செத்துவிடும், மீறி நிறைவேற்றவும் வழியில்லை. ஒரே மௌனம்தான், பலன் மட்டும் காலண்டரைப் பொறுத்தது.

சரி, எவ்வளவு நாள் போனால் 'கலைந்தது' என்று கணக்கு? 1970 கிறிஸ்துமஸ் சமயத்தில் காங்கிரஸ் சில நாள் விடுப்பில் போனது. குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு நிதி தரும் மசோதாவை நிக்சன் கையெழுத்திடாமல் வைத்துக்கொண்டு, பாக்கெட் வீட்டோ என்றார். காங்கிரஸின் மேலவையான செனட்டோ, அதிபரின் செய்தியை வாங்கிக்கொள்ளத் தன் செயலரை நியமித்துவிட்டுத்தான் போயிருந்தது. செனட்டர் எட்வர்ட் கென்னடி வழக்கு போட்டு, தானே வாதாடினார். திருப்பி அனுப்ப வழி இருந்ததால் பாக்கெட் வீட்டோ செல்லாது, கையெழுத்தே இல்லாமல் அந்த மசோதா எப்போதோ சட்டமாகிவிட்டது என்று 1974-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.