மூன்று முறையும் நான்கைத் தாண்டிய பி.எஸ்.ஏ.: மாட்டுத்தாவணி அருகே ஒரு சிறுநீரகவியல் மருத்துவமனை

மேலூருக்கு அருகே விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கு வயது 67. ஒரு பரிசோதனை நிலையத்தில் முழு உடல் பரிசோதனை செய்தபோது, அவருடைய பி.எஸ்.ஏ. (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்; இரத்தத்தில் இது கூடினால் அந்தச் சுரப்பியில் புற்று இருக்குமோ என்று சந்தேகிப்பார்கள்) மில்லிலிட்டருக்கு 6.8 நானோகிராம் என்று வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்போடு அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்களே தவிர, சில நாட்களாக அவருக்குச் சிறுநீர்க் கடுப்பு இருந்ததையோ, அன்று காலை வெகுதூரம் சைக்கிள் மிதித்ததையோ யாரும் விசாரிக்கவில்லை. தொற்று அந்த அளவை நன்றாகவே ஏற்றிவிடும். சைக்கிளும் சிலருக்குச் சற்று ஏற்றும். அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மாட்டுத்தாவணிக்கு அருகிலுள்ள சிறுநீரகவியல் மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டது மாத்திரைகளைத்தான். அப்பாவின் மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் படித்தார். புராஸ்டேட் வீக்கத்தைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகியவற்றை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், வரும் எண்ணை இரட்டித்தே பார்க்க வேண்டும் என்றார். அப்பாவிடம் இருந்தது, சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மட்டுமே. அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

தொற்றுக்கு மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 7.1, பிறகும் ஒருமுறை எடுத்தபோது 7.0. குறையவில்லையே என்று நான் பதறியபோது, புற்று இல்லாமல் சுரப்பி வீங்கினாலே பி.எஸ்.ஏ. கூடும் என்று விளக்கி, கட்டணச் சீட்டின் பின்புறத்தில் 7.0-ஐ ஸ்கேனில் தெரிந்த 62 மில்லிலிட்டர் சுரப்பி அளவால் வகுத்து, 0.11 என்று எழுதி வட்டமிட்டார். 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்குமாம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் புற்றுச் சந்தேகத்துக்கான மதிப்பெண் ஐந்துக்கு மூன்று, அதாவது இரண்டுங்கெட்டான் நிலை. சுரப்பியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை இப்போதே செய்யலாம், ஆறு மாதம் பொறுத்தும் பார்க்கலாம், எம்.ஆர்.ஐ. எல்லாப் புற்றையும் காட்டிவிடாது, பயாப்சியிலோ இரத்தக்கசிவும் தொற்றும் வரக்கூடும், தொல்லை தராமல் மெதுவாக வளரும் புற்றைக் கண்டுபிடித்துவிட்டு வீணாகக் கலங்கவும் நேரலாம் என்று இரு பக்கத்தையும் அப்பாவிடமே சொன்னார். “ஆறு மாசம் பாப்போம் ஐயா” என்று அப்பா முடிவெடுத்தார். இந்த அரை மணி நேரத்துக்காகவே அந்த மருத்துவரை மனமாரப் பரிந்துரைப்பேன்.

வரவேற்பு மேசையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, இரவில் எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று உரக்கக் கேட்டதில் அப்பா தலைகுனிந்துவிட்டார். இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். அங்கே பயாப்சியை மலக்குடல் வழியாக மட்டுமே செய்கிறார்கள். தொற்று வாய்ப்பு குறைவான, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகச் செய்யும் முறை வேண்டுமென்றால் வேறு இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

தை அறுவடை முடிந்ததும் அடுத்த இரத்தப் பரிசோதனை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் சற்று மாறும் என்பதால், இந்த மருத்துவமனையின் ஆய்வகத்திலேயே எடுக்கப் போகிறோம்.