க்ரீன் விசில்: ஆம்புலன்ஸ்லயே குழந்தைக்கு வலி குறைக்கற சாமான், என் ரிவ்யூ

மெல்போர்ன்ல இருக்கற அப்பா அம்மாக்களுக்காக எழுதறேன். பென்த்ராக்ஸ்னு ஒரு இன்ஹேலர், இங்க எல்லாரும் க்ரீன் விசில்னுதான் சொல்வாங்க, பச்சை கலர்ல நீட்டமா இருக்கும், உள்ள மெத்தாக்ஸிஃப்ளூரேன்னு ஒரு வலி மருந்த 3 மில்லி ஊத்தி குடுப்பாங்க. என் ஏழு வயசு பொண்ணு ட்ராம்போலின்ல இருந்து விழுந்து முன்கைய உடைச்சுக்கிட்டா, இங்க ஆம்புலன்ஸ் கூப்பிடற நம்பர் 000, அதுக்கு போன் போட்டோம். வந்த பாராமெடிக் கைய தொடவே இல்ல, மொதல்ல மூஞ்சி படம் போட்ட அட்டைய நீட்டி எந்த மூஞ்சி மாதிரி வலிக்குதுன்னு கேட்டாங்க, இவ கடைசி மூஞ்சிய காட்டினா, உடனே விசில் அவ கைல.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, அத குழந்தையேதான் புடிச்சுக்கணும், நாம வாயில வச்சு அமுக்கக் கூடாதாம். வலிச்சா இழுக்கலாம், தூக்கம் வந்தா கை தானா இறங்கிடும், மருந்தும் நின்னுடும். பக்கவாட்டுல ஒரு ஓட்டை, விரலால மூடினா ஸ்ட்ராங்கா வரும். மூச்ச வெளிய விடறதும் அதுக்குள்ளயேதான், உள்ள இருக்கற கரி அத உறிஞ்சிக்குது. பத்து பதினஞ்சு மூச்சு இழுத்திருப்பா, "அம்மா, சீலிங் ஆடுது"ன்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டா, அப்பறம்தான் கை அசையாம இருக்க ஸ்ப்ளின்ட்டே கட்டினாங்க. நாமளா இருந்தா "தோ ஆஸ்பத்திரி வந்துடுச்சு, பொறுத்துக்கோ கண்ணு"ன்னு சொல்லியே கார்ல குலுக்கி குலுக்கி கூட்டிட்டு போயிருப்போம்!

வாசனைதான் கொஞ்சம் படுத்தும். பழ வாசனைங்கறாங்க, எனக்கென்னவோ நெயில் பாலிஷ் மாதிரிதான் இருந்துச்சு, மொத ரெண்டு இழுப்புக்கு இருமினா. விடாம இழுத்தா அரை மணி நேரம் வரைக்கும்தான் வரும். கிட்னி பிரச்சனை இருந்தாலோ, குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து உடம்பு கன்னாபின்னான்னு சூடாகி சீரியஸ் ஆயிருந்தாலோ மறக்காம சொல்லிடுங்க, அவங்களுக்கு இத குடுக்க மாட்டாங்க. 1960கள்ல இதே மருந்த ஆபரேஷனுக்கு பெரிய டோஸ்ல குடுத்து கிட்னி கெட்டுப்போன கதையெல்லாம் உண்டு, விசில்ல வர்றது அதுல கொஞ்சூண்டுதான்.

விசில் இழுக்கத் தெரியாத குட்டிப் பசங்கன்னா மூக்குல ஃபென்டனில்ங்கற வலி மருந்து ஸ்ப்ரே அடிப்பாங்க, ஊசி கிடையாது.

இன்னொன்னு, ஆம்புலன்ஸ் செலவு மெடிகேர்ல, அதாவது இங்க அரசாங்கம் குடுக்கற மருத்துவ காப்பீட்டுல, வராது. குவீன்ஸ்லாந்து, டாஸ்மேனியாக்காரங்களுக்கு ஃப்ரீ, நம்ம விக்டோரியால ஆம்புலன்ஸ் மெம்பர்ஷிப் இல்லாட்டி பில்லு பயங்கரமா வரும், புதுசா வந்தவங்க மொத வாரமே எடுத்து வச்சிடுங்க.